கட்டைக் கணக்கு

கிளிநொச்சியில் டிப்போச் சந்திக்குக் கிட்ட எனக்கொரு சின்னக் கடை. போட்டோகொப்பி, லமினேற்றிங், ரீலோட், கடவுச்சீட்டுப் படம், விசா விண்ணப்பம் நிரப்புவது, கேட்டால் பிளேன் ரிக்கெற்றும் போட்டுக் கொடுப்பது. கண்ணாடிப் பெட்டிக்கு அங்கால் நின்று ஆட்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று கிழமைக்கு நாலைந்து தடவையாவது வரும்: "தம்பி, பலாலியில ஏறினா சென்னைக்கு எவ்வளவு நேரம்?"

பலாலி என்றால் யாழ்ப்பாணத்து விமான நிலையம். முன்பெல்லாம் போனில் தட்டிப் பார்த்துத்தான் சொல்வேன். இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பலாலி – சென்னை 355 கிலோமீற்றர், 220 மைல், 55 நிமிடம். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். "சைக்கிள்ல பரந்தன் போய் வாற நேரமெல்லோ!" என்றார் ஒருவர். போய் வந்த பிறகு அதே ஆள் கடை வாசலில் நின்று, "தம்பி, உம்மட 55 நிமிசம் எனக்கு ஒரு முழு நாள் எடுத்தது" என்றார். நல்ல காலம், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒருநாள் வேலையில்லாத மத்தியானம் என் ஊர்ப் பெயரையே கொடுத்துப் பார்த்தேன். எங்கள் வீடு திருவையாற்றில். வரைபடத்தில் கோடு தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கிளம்பியது. காவேரிக் கரைத் திருவையாற்றுக்குத் தியாகராஜர் இருக்கிறார், எங்கள் திருவையாற்றுக்கு இரணைமடு வாய்க்கால்தான் இருக்கிறது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தளங்கள் பொய் சொல்வதில்லை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிக்கு இடையே நூல் பிடித்து அளந்து, ஏதோ ஒரு ஜெட்டின் வேகத்தால் பிரித்து, ஏறி இறங்க இவ்வளவு என்று மேலே கொஞ்சம் போடுகின்றன. ஆனால் பலாலிக்கு வருவது ஜெட் இல்லை. அங்கே உள்ள ஓடுபாதை பெரிய விமானத்துக்குக் காணாது. வருவது ஏரிஆர் 72, இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும், எழுபது சொச்சம் பேர் ஏறும் விமானம். நன்றாகப் போனால் மணிக்கு 500 கிலோமீற்றர். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவிலிருந்து சென்னை நேர்கோட்டில் 640 கிலோமீற்றர் வரும், பலாலியிலிருந்து போவது அதில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. இருந்தும் ரிக்கெற்றில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் போட்டிருக்கும், ஒன்றே கால் மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் என்று. இதை விளங்கப்படுத்தப் போனால் வரிசையில் நிற்கும் மற்ற ஆட்கள் முறைப்பார்கள்.

கடைச் சுவரில் இலங்கைப் படமும் தமிழ்நாடும் சேர்ந்த ஒரு பழைய வரைபடம் ஒட்டியிருக்கிறேன். அதில் அடிமட்டம் வைத்துப் பார்ப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. சென்னை என்றால் எங்களுக்கு மேற்கே எங்கேயோ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, பலாலிக்கு அது கிட்டத்தட்ட நேர் வடக்கு. பலாலியிலிருந்து இந்தியாவின் மிகக் கிட்டின முனை கோடியக்கரை, கடலுக்கு மேலால் 60 கிலோமீற்றர் அளவு. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் அதைவிடக் கூட. கிளிநொச்சியிலிருந்து நேர்கோடு போட்டால் கொழும்பைவிடத் திருச்சி கிட்ட. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அடிமட்டத்தைக் கையில் கொடுத்து நீங்களே வைத்துப் பாருங்கோ என்பேன்.

இந்தப் படத்தை ஒட்டிய காலத்தில் எங்கள் ஆட்களுக்குச் சென்னைக்குப் போக ஒரே வழி கட்டுநாயக்கதான். பின்னேரம் ஹயஸ் வான் பிடித்து, வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று இரவிரவாக முந்நூறு கிலோமீற்றர் தெற்கே இறங்க வேண்டும். விடியற்புறம் நித்திரையில்லாத கண்ணோடு விமான நிலையம். பிறகு விமானம் ஏறி வந்த வழியே வடக்கே திரும்புவது. கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் கோடு போட்டால் அது பூநகரிக்குச் சற்று மேற்கே கடலுக்கு மேலால் போகும். எங்கள் மாவட்டத்தைத் தொட்டும் தொடாமலும் பறக்க, ஏழு மணித்தியாலம் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும்!

பலாலி ஒன்றும் புதிதில்லை. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம், 'சீதா தேவி' என்ற டகோட்டா, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அதாவது இந்தப் பலாலி, வழியாகத்தான் மதராசுக்குப் போனது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தபோதே எங்களுக்கு அந்த வழி இருந்தது. பிறகு போனது. 2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் அலையன்ஸ் எயார் ஓடத் தொடங்கியது, நாலு மாதத்தில் கொரோனா வந்து மூடியது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் என் கடையில் இந்தக் கேள்வி கூடியது.

சரி, அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

என் சித்தி 1990 இல் பேசாலையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவ. மண்டபம் முகாம், அங்கிருந்து வேறு முகாம், கடைசியில் சென்னை வளசரவாக்கம். அம்மாவும் சித்தியும் போனில் கதைப்பார்கள், வட்ஸ்அப்பில் முகம் பார்ப்பார்கள், நேரில் பார்த்து 35 வருடம். போன வருடம் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தேன்.

அம்மாவின் முதல் கேள்வியும் அதேதான், வேறு அளவில்: "எத்தனை கட்டை தம்பி?"

கட்டை என்றால் எங்கள் பக்கம் மைல். வீதியோரம் மைலுக்கொன்று நட்ட கட்டையை வைத்து வந்த பேச்சு. கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலமாகியும் கிளிநொச்சி ரவுனுக்குத் தெற்கே ஒரு இடத்துக்குப் பெயரே 155ம் கட்டை. கண்டியிலிருந்து எண்ணி வந்த 155. பஸ்காரனும் அப்படித்தான் கூப்பிடுவான், விபத்து நடந்தால் செய்தியிலும் அப்படித்தான் வரும்.

"220 கட்டை அம்மா."

அம்மா கொஞ்ச நேரம் வாய்க்குள் எண்ணினா. "கண்டியில இருந்து யாழ்ப்பாணம் 200 கட்டை. அங்கால ஒரு 20. இவ்வளவுதானே?" என்றா. பிறகு, "இவ்வளவு கிட்டவா இருந்தவள்?" என்றா. நான் பதில் சொல்லவில்லை, பிறின்ரருக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தேன்.

தூரத்தைப் பற்றி அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. விசுவமடுவிலிருந்து முள்ளிவாய்க்கால் இருபது கட்டை வராது. 2009 இல் நாங்கள் அதற்கு நாலு மாதம் எடுத்தோம்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா முறிகண்டிக்குப் போக வேண்டும் என்றா. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் என்ன பயணம் என்று கேட்டா. முறிகண்டி எங்களுக்குத் தெற்கே, போவது வடக்கே. ஏ9 இல் போகிற லொறி, பஸ், கார் எல்லாம் அவருக்கு முன்னால் நிறுத்திக் கச்சான் வாங்கிக்கொண்டு போவது வழமை, ஆனால் பிளேனுக்கும் அவர்தான் பொறுப்பு என்று எனக்கு அன்றுதான் தெரியும். போய் வந்தோம். பக்கத்து அரிசிக் கடைத் தராசில் பெட்டியை நிறுத்தோம். வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் மூன்று கிலோ, ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான் இரண்டு பை. உடுப்பு ஒரு மூலையில் இருந்தது.

அம்மாவின் பெயரில் நான்தான் ஒரு பிழை விட்டிருந்தேன். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. ரிக்கெற்றில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், அதில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டேன். ஊருக்கெல்லாம் சரியாகப் போடுகிறவன் தாய்க்குப் பிழையாகப் போட்டது இரவு பத்து மணிக்குத்தான் கண்ணில் பட்டது. திருத்தி முடிக்கப் பன்னிரண்டு ஆகிவிட்டது. ரிக்கெற் எடுக்கிற ஆட்களுக்குச் சொல்கிறேன், கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி இருக்கிறதே, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மேலே இருப்பதைப் பார்த்து எழுதினால் என்னைப்போல முழித்திருக்க வேண்டியதுதான்.

காலை 6 மணிக்குப் பக்கத்து வீட்டு வானில் வெளிக்கிட்டோம். பரந்தன், ஆனையிறவு, இயக்கச்சி, பளை. பளையில் தேத்தண்ணி. பழைய போர்முனை முகமாலையைத் தாண்டும்போது அம்மா வழமைபோலப் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தா. கொடிகாமம் வந்ததும் மறுபடி தொடங்கினா. 85 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடக் குறைய, 8:20 க்குப் பலாலி. அங்கே இருந்து, நின்று, காட்டி, கையொப்பம் வைத்து, மறுபடி இருந்து மூன்றரை மணித்தியாலம்.

இடப்பக்கச் சன்னல் எடுத்திருந்தேன். வடக்கே போகும்போது இந்தியக் கரை இடப்பக்கம், அதுதான் காரணம். இந்த விமானத்தில் செட்டை மேலே இருக்கும், அதனால் சன்னலால் குனிந்து பார்த்தால் சக்கரம் தெரியும். ஏறுவது வால் பக்கக் கதவால், நாலைந்து படிதான். அம்மா இருந்தவுடன் வெளியே பார்த்து, "சக்கரத்துக்கு அடை வைச்சிருக்கிறாங்கள்" என்றா. உண்மைதான். கயிற்றால் பிணைத்த இரண்டு துண்டு, சக்கரத்தின் முன்னும் பின்னும். மாட்டு வண்டில் மேட்டில் நிற்கும்போது வைப்போமே, அந்த அடைக்கட்டைதான். மஞ்சள் அங்கி போட்ட பொடியன் ஒருவன் குனிந்து கயிற்றில் பிடித்து இழுத்தான், இரண்டும் ஆடிக்கொண்டே அவன் கையோடு போயின.

அதைப் பார்த்தபோதுதான் எங்கேயோ வாசித்தது ஞாபகம் வந்தது. ரிக்கெற்றில் போடும் நேரம் பறக்கும் நேரமில்லை. புறப்படும் இடத்தில் இந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னைக்கு மேலே மற்ற விமானங்களோடு வரிசையில் நிற்பது, இறங்கி ஊர்வது எல்லாம் அதற்குள். அந்தத் தளத்தின் 55 க்கும் ரிக்கெற்றின் 80 நிமிடத்துக்கும் நடுவில் ஓடுவது இதுதான். விமானக்காரரும் கட்டைக் கணக்குத்தான் பார்க்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "பின்ன?" என்றா, வேறு எப்படிப் பார்ப்பார்கள் என்பதுபோல.

தரை விட்டுக் கிளம்பியதை நான் போனில் குறித்தேன். மூச்சு இரண்டு எடுக்கவில்லை, கீழே கடல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் பழைய கட்டடம் ஒருக்கால் சாய்ந்து தெரிந்தது, பிறகு நீலம். காற்றாடிச் சத்தத்தில் கதைக்க முடியாது, அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இடப்பக்கம் தூரத்தில் மங்கலாய் ஒரு மண்நிறக் கோடு. கோடியக்கரையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கரை எங்களை விட்டுப் போகவே இல்லை, நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி என்று பக்கத்திலேயே வந்தது. அம்மா நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி, "இவ்வளவு நேரமும் தெரியுது, ஏன் இறங்கேல்ல?" என்று கேட்டா. நாங்கள் போவது அந்தக் கரையின் மேல் நுனிக்கு என்றேன்.

சக்கரம் எடுத்து சக்கரம் வைக்க 58 நிமிடம். கட்டைக்குக் கட்டை 1 மணித்தியாலம் 17 நிமிடம். பஸ்ஸில் ஏற்றிக் கட்டடத்துக்குக் கொண்டு போய், வரிசை, விரல் அடையாளம், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம். சித்தியின் மருமகன் கார் கொண்டு வந்திருந்தார். மீனம்பாக்கத்திலிருந்து வளசரவாக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். அதற்கு நாங்கள் பறந்த நேரத்தைவிடக் கூட எடுத்தது. வீட்டு வாசலில் 3:50. கூட்டிப் பார்த்தால் ஒன்பது மணித்தியாலம் ஐம்பது நிமிடம். முறிகண்டியைச் சேர்க்கவில்லை.

இப்போது யாராவது கேட்டால் நான் போனைப் பார்ப்பதில்லை. "விடியக் காலமை வெளிக்கிட்டால் பின்னேரத் தேத்தண்ணிக்கு அங்க நிப்பியள்" என்கிறேன். இதுவரை ஒருவரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை.

காரில் வரும்போது அம்மா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினா. "நேரத்தை மாத்தி விடு."

"மாத்தத் தேவையில்லை அம்மா. இங்கயும் அதே நேரம்தான்."

"இது வேற நாடெல்லோ?"

வேறு நாடுதான். ஆனால் அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. 1996 இல் மின்சாரம் மிச்சம் பிடிக்க என்று அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அது எடுபடவில்லை. நாங்கள் பழைய நேரம், அங்கால் புது நேரம். சமாதான காலத்தில், 2003 இல், எனக்குப் பதினாறு வயது, மாமாவோடு முதல்முறை கொழும்புக்குப் போனேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவிலிருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறக்கிச் சோதித்து, பையெல்லாம் கொட்டி அடுக்கி, அந்தப் பக்கம் போய் ஏறியதும் மாமா செய்த முதல் வேலை கையிலிருந்த மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. பஸ்ஸில் பாதிப்பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் பேசாமல், விரலால் அந்தச் சின்னத் திருகை இழுத்து. திரும்பி வரும்போது பின்னுக்கு. 2006 ஏப்ரலில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. அந்தப் பத்து வருடமும் எங்கள் மணிக்கூடும் சென்னை மணிக்கூடும் ஒரே நேரம் காட்டின, வவுனியா மணிக்கூடுதான் வேறு.

மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டா.

சித்தி வாசலில் நின்றா. அந்தப் பகுதியை எழுதப் போவதில்லை. பிறகு, தேத்தண்ணி எல்லாம் குடித்து, பனங்கட்டிக் குட்டான் எல்லாம் மேசையில் கொட்டியான பிறகு, சித்தியின் பேரன், எட்டு வயது, சென்னையில் பிறந்த பொடியன், அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான். "பெரிய பாட்டி, உங்க ஊரு ரொம்ப தூரமா?"

"220 கட்டை, மோனை."

"கட்டைன்னா?"

அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தா. பிறகு கையை இடுப்பளவுக்கு வைத்து, "ரோட்டுக் கரையில இவ்வளவு உயரத்துக்கு நிக்கும், நம்பர் எழுதியிருக்கும்" என்றா.

"ஓ, மைல்கல்லா? கடல்லயும் நட்டு வச்சிருக்காங்களா?"

சித்திதான் முதலில் சிரிக்கத் தொடங்கினா. அம்மா அவனுக்கு ஒரு குட்டானைப் பிரித்துக் கையில் கொடுத்தா, ஓலையை எப்படி உரிப்பது என்று காட்டிக்கொண்டே.